நீக்கிலாப்பிள்ளை அண்ணையின் ‘ஓம்’

நீக்கிலாப்பிள்ளை அண்ணையைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் அவருடைய ‘ஓம்’ பற்றி எழுதவேண்டும். ஆம் என்பதற்கு எங்கள் பக்கத்தில் ஓம் என்போம்; எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அதுதான். “அண்ணை, இண்டைக்கு மழை வருமோ?” என்றால், “ஓம், வராது போலை கிடக்கு” என்பார். “சாப்பிட்டாச்சோ?” என்றால், “ஓம், இனித்தான்” என்பார். முப்பது வருடம் படகு எஞ்சின்களுக்குப் பக்கத்தில் இருந்ததில் இடது காது சரியாகக் கேட்காது. அதனால், நீ சொன்னது என் காதில் விழுந்துவிட்டது என்று எதிரில் நிற்பவருக்கு முதலில் அறிவித்துவிட்டுத்தான் பதிலை யோசிப்பார். அவருடைய ஓமைப் பதிலென்று எடுத்துக்கொண்டவர்கள் எல்லாரும் ஏமாந்தார்கள். அப்படி எடுத்துக்கொண்ட ஒருவரால் அவருக்கு வேலை போயிற்று. அது பிழையான ஓம் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தவன் நான்.

என் பெயர் சோமசேகரம். ஊர் புத்தூர். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு நிவாரண சங்கத்தில் எனக்கு வேலை. சங்கத்தின் பெயர் இங்கே தேவையில்லை. கொழும்பில் ஆறுமாதம் படித்து வாங்கிய கொம்பியூட்டர் சான்றிதழ் ஒன்று என்னிடம் இருந்தது. குடாநாட்டில் கொம்பியூட்டர் இருந்த இடங்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். மின்சாரமோ இரண்டு வருடமாக இல்லை. அப்படிப்பட்ட ஊரில் அந்தச் சான்றிதழை மட்டை போட்டு மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தேன். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான். என் தலைக்கனத்தை அளக்க வேறு அளவுகோல் வேண்டாம்.

எங்கள் வேலை, இடம்பெயர்ந்து பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் இருந்த குடும்பங்களின் பெயரைப் பதிந்து, குழந்தைகளுக்குப் பால்மா கிடைக்க வழி செய்வது. பட்டியலில் பெயர் இருந்தால் பால்மா வரும். இல்லாவிட்டால் வராது. பட்டியல் கொம்பியூட்டரில் இருந்தது. கொம்பியூட்டர் ஜெனரேற்றரில் ஓடியது. ஜெனரேற்றர் நீக்கிலாப்பிள்ளை அண்ணையின் கையில் இருந்தது.

அவர் குருநகர்க்காரர். பதின்மூன்று வயதில் தகப்பனோடு கடலுக்குப் போனவர். ஜப்பான் எஞ்சின்கள் எங்கள் கரைகளுக்கு வந்த புதிதில், பழுதாகிக் கிடந்த ஒன்றைப் பிரித்துப் பாயில் பரப்பி, மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நாலாம் நாள் பூட்டினாராம். பூட்டியபிறகு, திருகி முடுக்கும் புரியாணிகள் இரண்டு மிச்சம் இருந்தனவாம். எஞ்சின் ஓடியதாம். “அதுகள் தேவையில்லாத புரியாணியள் தம்பி” என்று அவர் சொல்லும்போது சிரிக்காமல் சொல்லுவார். கடலுக்குப் போகத் தடை வந்து படகுகள் கரையில் கவிழ்ந்து கிடந்த காலத்தில், ஐம்பத்திரண்டு வயதில், ஜெனரேற்றர் ஓட்ட எங்கள் சங்கத்துக்கு வந்தார். பெற்றோலைக் கண்ணால் காணமுடியாது. மருந்துப் போத்தல் ஒன்றில் வைத்திருக்கும் பெற்றோலில் நாலு சொட்டை விட்டுக் கயிற்றை இழுத்துக் கிளப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை எங்களுக்கு மின்சாரம். அந்த இரண்டு மணித்தியாலமும் நான் ராசா.

எங்கள் கொம்பியூட்டர் பெட்டிக்கு ஒரு பழக்கம் இருந்தது. அதை வாங்கிப் பூட்டித் தந்தவர், மின்சாரம் சொல்லாமல் போகும் ஊர் என்று தெரிந்து, பெட்டியை இயக்கும்போதெல்லாம் உள்ளே தகவல் பதிந்திருக்கும் தட்டைத் தானே சோதிக்கும்படி ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். தினமும் திறந்தவுடன் இரண்டு மூன்று நிமிடம் கடகடவென்று சோதிக்கும். பிழை இல்லாவிட்டால் பேசாமல் வழிவிடும். இருந்தால், தொடர்பு அறுந்து கிடக்கும் துண்டுகளை ‘தொலைந்த சங்கிலிகள்’ என்று சொல்லி, அவற்றைக் கோப்பாக்கித் தரவோ என்று ஆங்கிலத்தில் கேட்கும். ஆம் என்றால் Y அடிக்கவேண்டும், இல்லை என்றால் N.

எனக்கு அந்தச் சோதனை பிடிக்காது. இருக்கிற இரண்டு மணித்தியாலத்தில் அது மூன்று நிமிடத்தைத் தின்கிறதே என்று பல்லைக் கடிப்பேன். கேள்வி வந்தால் N அடித்துவிட்டு வேலையைத் தொடங்குவேன். ஒருநாளும் ஒன்றும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.

ஆனால் நீக்கிலாப்பிள்ளை அண்ணைக்கு அது பொறுக்கவில்லை. ஓடுகிற பொருள் ஒன்று தினமும் தன்னில் பிழை தேடுகிறதென்றால் காரணம் இருக்கவேண்டும் என்று அவருக்குப் பட்டுவிட்டது. ஜெனரேற்றர் கொட்டிலின் சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். பெட்டி கேள்வி கேட்ட நாளுக்கு ஒரு கோடு. எஞ்சின் தானாக நின்ற நாளுக்குப் பெருக்கல் குறிபோல் ஒரு புள்ளடி. ஒரு மாதம் கழித்து என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். கோடு இருந்த இடமெல்லாம் அதற்கு முந்தின நாளில் புள்ளடி இருந்தது.

“பெட்டியிலை பிழையில்லைத் தம்பி. அது சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்கை நாங்கள் கோப்பையைப் பறிக்கிறம். பிறகு அது சிந்தினதைத் தேடுது.”

ஆறுமாதம் படித்த எனக்கு இதை இப்படி யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. “தெரியும் அண்ணை” என்றேன்.

அவர் விடவில்லை. எஞ்சின் ஏன் நிற்கிறது என்று பார்த்தார். மண்ணெண்ணெய்ப் பீப்பாயின் அடியில் தண்ணீர் நின்றது. அன்றிலிருந்து பழைய வேட்டித் துண்டொன்றை நாலாக மடித்து வடித்துத்தான் ஊற்றினார். நிற்பது குறைந்தது. முற்றாக நிற்காமல் இருக்க அந்தக் காலத்து எண்ணெய் விடாது. அதனால் இன்னொரு ஏற்பாடும் செய்தார். எஞ்சினின் மூச்சு மாறுவது அவருக்குத்தான் முதலில் தெரியும். காது கேட்காவிட்டாலும் உள்ளங்கையை அதன்மேல் வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் பார்ப்பார். மாறுகிறதென்று கண்டால் கொட்டிலின் தகரத்தில் மூன்று தட்டுத் தட்டுவார். நான் உடனே பட்டியலைச் சேமித்து மூடிவிடவேண்டும். அதன்பிறகு எஞ்சின் நின்றாலும் பெட்டிக்குச் சேதமில்லை. தகரம் தட்டினால் நான் “ஓம்!” என்று கத்துவேன். அது அவருக்குக் கேட்கட்டும் என்று உரக்கக் கத்துவேன். நான் N அடித்தும் ஒன்றும் கெடாமல் போனது என் கெட்டித்தனத்தால் இல்லை, அந்தத் தகரத்தால் என்று இப்போது தெரிகிறது.

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. நாலு ஊர்ப் பட்டியல்களை ஒன்றாக்கி ஒரே பெரிய பட்டியல் செய்துகொண்டிருந்தேன். அறுநூற்றுச் சொச்சம் குடும்பங்கள். தட்டில் இடம் போதாதென்று, புதியதை மூடுவதற்கு முன்னமே பழைய நாலையும் அழித்துவிட்டேன். அவசரம் என்றுதான் சொல்லவேண்டும். அடுத்தநாள் பட்டியலைக் காட்டி முகாமையாளரிடம் நல்ல பெயர் எடுக்கும் அவசரம்.

தகரம் மூன்று தரம் தட்டுப்பட்டது.

“ஓம், ஓம்!” என்று கத்தினேன். கத்திவிட்டு, தலைப்பை நடுவில் கொண்டுவந்து அழகுபார்த்துக்கொண்டிருந்தேன். மூடவில்லை. இன்னும் ஒரு நிமிடம்தானே என்று நினைத்தேன். இரண்டு நிமிடம் போயிருக்கும். எஞ்சின் இருமியது, திரை கறுத்தது.

அவர் எண்ணெயை மாற்றி மறுபடி கிளப்பிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். “மூடிப்போட்டீர்தானே?”

“ஓம்” என்றேன்.

பெட்டி தன் சோதனையைத் தொடங்கியது. அன்றைக்கு அதன் சத்தம் நீளமாக இருந்தது. பிறகு கேள்வி வந்தது. அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

“என்னவாம் தம்பி?”

“தொலைஞ்ச சங்கிலி கிடக்காம். எடுத்துத் தரட்டோ எண்டு கேக்குது. உது எந்த நாளும் கேக்கிற கேள்விதானே அண்ணை.”

“ஓம். அப்ப எடுத்துத் தரச் சொல்லுமன். சங்கிலி துலைஞ்சவன் ஆரும் வேண்டாமெண்டு சொல்லுவானோ?”

எனக்கு எரிச்சல் வந்தது. படிப்பில்லாத மனிதர், எஞ்சின் ஓட்டுகிறவர், என் பெட்டிக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குச் சொல்லித் தருகிறார். அந்த எரிச்சல் ஒரு பாதி. மற்றப் பாதியைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், தேத்தண்ணி குடிக்கிறீர்களோ என்று கேட்பார்கள். வேண்டாம் என்போம். தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தாலும் வேண்டாம்தான். முதல் கேள்விக்கே ஓம் என்பவனைப் பற்றி ஊர் நல்லதாகக் கதைக்காது. வீட்டுக்காரருக்கும் அது தெரியும். “ஏன், ஒரு வாய் குடிச்சால் என்ன?” என்று மறுபடி கேட்பார்கள், அல்லது கேட்காமலே ஊற்றிக்கொண்டு வருவார்கள். முதல் வேண்டாம் என்பது ஒரு வேண்டாமே அல்ல. இருபத்தாறு வருடம் இப்படி வளர்ந்தவனுடைய விரல் என்ன செய்யும்? இப்போதைக்கு வேண்டாம், பிறகு பார்ப்போம், தேவையென்றால் இன்னொருதரம் கேட்கும்தானே என்ற நினைப்பில் N அடித்தேன்.

பெட்டிக்கு எங்கள் ஊர்ப் பழக்கம் தெரியாது. அது ஒருமுறைதான் கேட்டது.

பட்டியலைத் திறந்தேன். கோப்பின் பெயர் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. பழைய நாலும் இல்லை. பிரதி எடுத்து வைத்த தட்டுகளை அலுமாரியிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தேன். மாரிகாலத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தன. குடும்பங்கள் எழுதித் தந்த துண்டுகள் எங்கே? கடதாசிக்குத் தட்டுப்பாடான காலம். பதிந்து முடிந்த துண்டுகளின் பின்பக்கத்தில் சங்கம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. அறுநூறு குடும்பங்களும் யார் யாருடைய கைக்கோ கடிதமாகப் போய்விட்டன.

“அண்ணை, ஒருக்கால் போய் எஞ்சினைப் பாருங்கோ” என்று அவரை அனுப்பிவிட்டுப் பெட்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன். அந்தப் பக்கத்தை அதற்குமுன் நான் வாசித்ததே இல்லை. Y அடித்தால் தொலைந்த துண்டுகளைத் தனிக் கோப்புகளாக எடுத்து வைக்குமாம். N அடித்தால் அந்த இடத்தை வெற்றிடமாக எண்ணி விடுவித்துவிடுமாம். அவ்வளவுதான். இரண்டு வரி. அறுநூறு குடும்பமும் என் விரலுக்குக் கீழே பத்திரமாகத்தான் இருந்திருக்கிறார்கள். எடுத்துத் தரவோ என்று கேட்டதற்கு நான் வேண்டாம் என்றிருக்கிறேன். புத்தகத்தை மூடி அலுமாரிக்கு அடியில் தள்ளினேன். கை தானாகத் தள்ளியது என்று எழுத ஆசை. தெரிந்துதான் தள்ளினேன்.

முகாமையாளர் பரமலிங்கம், இளைப்பாறிய பாடசாலை அதிபர். பிள்ளைகளை வகுப்பில் எழுப்பிக் கேட்பதுபோல்தான் எல்லாரையும் கேட்பார். மத்தியானம் சங்கத்து ஆட்கள் எல்லாரையும் அறைக்குள் கூப்பிட்டார்.

“எப்பிடிப் போனது?” என்று என்னைக் கேட்டார்.

“எஞ்சின் நிண்டிட்டுது சேர்” என்றேன். பொய் இல்லை. எஞ்சின் நின்றது உண்மைதான். பொய் சொல்லாமல் ஒரு மனிதனை எப்படி மாட்டிவிடலாம் என்பதற்கு என்னிடம் வந்து படிக்கலாம்.

அவர் திரும்பினார். “நீக்கிலாப்பிள்ளை, எஞ்சின் நிண்டதாலைதானே உவ்வளவும் போனது?”

“ஓம் சேர்...”

அதற்குப் பிறகு அவர் ஏதோ சொல்லத்தான் இருந்தார். எனக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லாரிலும் எனக்குத்தான் நன்றாகத் தெரியும், அந்த ஓம் பதிலில்லை, காதில் விழுந்ததென்ற அறிவித்தல் மட்டும்தான் என்று. தகரம் தட்டினேன் என்று சொல்லப்போகிறார். ஓம் என்று கத்தினான் என்று சொல்லப்போகிறார். சங்கிலியை எடுக்கச் சொன்னேன் என்று சொல்லப்போகிறார். ஆனால் பரமலிங்கத்தாருக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

“ஒத்துக்கொண்டது நல்லது. எண்டாலும் அறுநூறு குடும்பத்தின்ரை விசயம். நாளையிலையிருந்து வரவேண்டாம்.”

நீக்கிலாப்பிள்ளை அண்ணை என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் கோபப்பட்டு எதையாவது சொல்லித் தப்பியிருப்பேன். அவர் பார்த்தது, “நீர் சொல்லுமன்” என்பதுபோல் இருந்தது. நான் குனிந்து என் சட்டைப் பையிலிருந்த பேனாவைச் சரிசெய்தேன். அவர் வேட்டித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் முழுவதும் சனம் மறுபடி பதிய வந்தது. தகவல் கேள்விப்பட்டவர்கள்தான் வந்தார்கள். கேள்விப்படாதவர்கள் பிறகு வந்து பெயரில்லை என்று திரும்பிப் போனார்கள். சுன்னாகத்துப் பக்கத்துப் பாடசாலையொன்றிலிருந்து ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நடந்து வந்திருந்தாள். “போன மாதந்தானே ஐயா பேர் தந்தனான். இன்னும் எத்தினை தரம் எங்கடை பேரைச் சொல்லுறது?” என்று கேட்டாள். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். பால்மா மூன்று வாரம் பிந்தியது. மூன்று வாரம் என்று எழுதுவது சுகம். அந்தக் குழந்தையின் அழுகையைக் கேட்டவனுக்கு அது சின்ன எண்ணாக இல்லை.

ஜெனரேற்றரை இழுத்துக் கிளப்புவதும் என் தலையில் விழுந்தது. இருபது தரம் இழுப்பேன். கை கொப்புளித்ததுதான் மிச்சம். கொட்டிலின் சுவரில் அவருடைய கோடுகளும் புள்ளடிகளும் அப்படியே இருந்தன. அழிக்கவேண்டும் என்று தினமும் நினைத்தேன், முடியவில்லை.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு குருநகருக்குப் போனேன். சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனேன். முதலில் அவரிடம், அடுத்தநாள் பரமலிங்கத்தாரிடம். வழி முழுவதும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே மிதித்தேன்.

வீட்டில் அவருடைய மனைவி மக்டலீன் அக்கா மட்டும் இருந்தார். “அவர் களப்புக்குள்ளை நிக்கிறார் தம்பி. இப்ப வந்திடுவார்” என்றார். ஆழக் கடலுக்குப் போகமுடியாதவர்கள் கரையோரத்துக் களப்பில் முழங்கால் தண்ணீரில் நின்று இறால் பிடித்த காலம். சங்கத்துக்கு வந்தபோதே அவருக்கு முழங்காலில் வாதம். கொட்டிலில் கதிரை இல்லாமல் எழும்பி இருக்கக் கஷ்டப்படுவார். நான்தான் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். அந்த ஒரு நல்ல காரியத்தை அன்றைக்கு எத்தனை தரம் நினைத்து என்னைத் தேற்றினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவர் வந்தார். தொடைவரை சேறு. ஓலைப் பறிக் கூடையில் ஒரு கைப்பிடி இறால். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அதுதான் என்னைக் கொன்றது.

“ஓம் தம்பி, வாரும். பெட்டி எப்பிடி ஓடுது? எண்ணெயை வடிச்சுத்தானே விடுறியள்?”

நான் சொன்னேன். தகரம் தட்டியது கேட்டது, மூடாமல் மூடினேன் என்று சொன்னது, N அடித்தது, புத்தகத்தைத் தள்ளியது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அவருடைய நல்ல காதுப் பக்கமாக நிற்கிறேனா என்று பார்த்து, அந்தப் பக்கம் மாறி நின்று சொன்னேன். கேட்கவில்லை என்று பிறகு ஒரு சாட்டு இருக்கக்கூடாது.

“ஓம்” என்றார். கொஞ்ச நேரம் பறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஓம். நான் அண்டைக்கே நினைச்சனான்.”

ஏசவில்லை. மக்டலீன் அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்; என்னிடம் தேத்தண்ணி குடிக்கிறீர்களோ என்று அவர் கேட்கவில்லை.

நான் எழும்பினேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வழி முழுவதும் சொல்லிப் பார்த்த வசனத்தை எடுத்தேன். நாளைக்குச் சேரிட்டைச் சொல்லப்போறன் என்றல்லவா சொல்லியிருக்கவேண்டும்? வாயிலிருந்து வந்தது கேள்வியாக வந்தது.

“அண்ணை, நாளைக்குப் பரமலிங்கம் சேரிட்டை உதைச் சொல்லட்டோ?”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். காலில் சேறு காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அந்த வேலை எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். ஊருக்குள் அவருடைய பெயர் எப்படிக் கெட்டுக் கிடந்தது என்றும் தெரியும். வாழ்க்கையில் முதல்முறையாக ஓம் இல்லாமல் பதிலைத் தொடங்கினார்.

“வேண்டாம் தம்பி” என்றார்.

அது முதல் வேண்டாம். எங்கள் ஊரில் முதல் வேண்டாம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா?

நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. “அப்ப வாறன் அண்ணை” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன்.